கடல் கடந்த நூற்கடன்

தகடூரை ஆண்ட அதியமான் நெடுமான் அஞ்சி, கிடைத்தற்கரிய நெல்லிக்கனியைத் தான் உண்ணாது ஔவைக்கு ஈந்த செய்தியைத் தமிழறிந்தோர் யாவரும் அறிவர். அவன் மரபின் பெயரைத் தாங்கிய அதியமான்கோட்டை, தருமபுரியிலிருந்து சேலம் செல்லும் வழியில் இன்றும் உள்ளது. கோட்டையின் எச்சங்களும், சென்றாயப் பெருமாள் கோயிலின் பிற்காலத்து ஓவியங்களும் அவ்வூரின் பழமையைக் காட்டுகின்றன. ஆயினும் அஞ்சியின் வீரத்தையும் கொடையையும் ஔவையோடு அவன் கொண்ட நட்பையும் விரித்துரைப்பவை கற்கள் அல்ல, புறநானூற்றுப் பாடல்களே. அப்பாடல்கள் இன்றைய வாசகனின் கைக்கு வந்த வழி யாது? இரவல் என்னும் எளிய சொல்லே அதற்கு விடை.

ஏட்டுச்சுவடி இரவல்

டாக்டர் உ.வே. சாமிநாதையர் 1887இல் சீவக சிந்தாமணியையும், 1889இல் பத்துப்பாட்டையும், 1892இல் சிலப்பதிகாரத்தையும், 1894இல் புறநானூற்றையும், 1898இல் மணிமேகலையையும் பதிப்பித்தார். ஓர் ஏட்டை மட்டும் கொண்டு இவற்றுள் எதனையும் அவர் பதிப்பித்துவிடவில்லை. திருவாவடுதுறை ஆதீனத்துச் சுவடிகளும், திருநெல்வேலிக் கவிராயர் வீடுகளில் தலைமுறை தலைமுறையாகக் காக்கப்பட்ட சுவடிகளும், பல ஊர்ப் புலவர்கள் மனமுவந்து அளித்த சுவடிகளும் அவர் மேசையில் ஒன்றுகூடின. ஒன்றில் சிதைந்த அடி மற்றொன்றில் முழுமையாக இருந்தது. ஒன்றில் மயங்கிய சொல் மற்றொன்றில் தெளிந்தது. சுவடியை வெளியே விட அஞ்சியவர்களும் இருந்தனர். இரவல் போன நூல் வீடு திரும்பாது என்பது நாட்டு வழக்கு. அவ்வச்சம் அடிப்படையற்றது என்று கூறிவிட முடியாது. ஆயினும் அஞ்சாது கொடுத்தவர்களால்தான் அதியமானைப் பற்றிய பாடல்கள் அச்சேறின.

இக்கொடுக்கல் வாங்கல் தமிழ்நாட்டின் எல்லையோடு நின்றுவிடவில்லை. பாரிசு நகரில் தமிழ் கற்பித்துவந்த பேராசிரியர் சூலியன் வின்சோன், ஐயரவர்களின் பதிப்பைக் கண்டு மகிழ்ந்து தமிழிலேயே கடிதம் எழுதினார். அந்நகரின் பெரிய நூலகத்தில் தமிழ்ச் சுவடிகள் இருக்கும் செய்தியையும் அறிவித்தார். ஒரு நூலகத்தில் என்ன இருக்கிறது என்று மற்றொரு நாட்டார் அறிவதே நூற்கடனின் முதற்படி. பட்டியல் இல்லையேல் கடன் இல்லை.

இலண்டனும் உரோமும்

தமிழ் நூல்கள் அயல்நாடுகளில் குவிந்ததற்குத் தமிழார்வம் மட்டுமே காரணம் அன்று. 1867ஆம் ஆண்டின் அச்சகங்கள் மற்றும் நூற்பதிவுச் சட்டம், இந்தியாவில் அச்சாகும் ஒவ்வொரு நூலையும் பதிவு செய்யுமாறு பணித்தது. அவ்வாறு பதிவான நூல்களுள் தேர்ந்தெடுக்கப்பட்டவை இந்தியா ஆபீசு நூலகத்துக்கும் பிரித்தானிய அருங்காட்சியகத்துக்கும் சென்றன. ஆட்சியாளரின் கண்காணிப்பு நோக்கமே இதன் பின்னணி. எனினும் விளைவு வேறாயிற்று. இங்கே செல்லரித்து மறைந்த சிறு நூல்கள் பல அங்கே அலமாரியில் தங்கின. 1909இல் பார்னெட்டும் ஜி.யு. போப்பும் அருங்காட்சியகத்துத் தமிழ் நூல்களுக்குத் தொகுத்த பட்டியல், தேடுவோர்க்கு இன்றும் கைவிளக்காக உள்ளது.

உரோம் நகரின் வத்திக்கான் நூலகம் இன்னொரு சான்று. அந்தாம் தெ புரோயன்சா என்னும் பாதிரியார் தொகுத்த தமிழ் – போர்ச்சுகீசிய அகராதி, அவர் மறைவுக்குப் பின் 1679இல் கேரளத்து அம்பலக்காட்டில் அச்சாயிற்று. தமிழுலகம் ஏறக்குறைய மறந்துவிட்ட அந்நூலின் படியொன்றைத் தனிநாயக அடிகள் 1954இல் வத்திக்கானில் கண்டார். 1966இல் மலாயாப் பல்கலைக்கழகத்தின் வழி, அதன் உருவ நகற்பதிப்பு கோலாலம்பூரில் வெளிவந்தது. அம்பலக்காட்டில் பிறந்த நூல் உரோமில் உயிர்பிழைத்து, மலேசியாவில் மறுபிறவி எடுத்துத் தமிழகம் திரும்பியது. மூலப்படியோ இருந்த இடத்தைவிட்டு அசையவில்லை. நகல் பயணம் செய்தால் போதும் என்னும் உண்மையை இந்நிகழ்ச்சி தெளிவுறுத்துகிறது.

நெறிப்பட்ட கடன்முறை

தனிமனிதர் முயற்சியால் நடந்த இப்பணியை நிறுவனங்களின் கடமையாக மாற்றியது இருபதாம் நூற்றாண்டு. 1927இல் தோன்றிய பன்னாட்டு நூலகச் சங்கக் கூட்டமைப்பு, நாடுகளுக்கிடையிலான நூற்கடனுக்கு நெறிமுறைகளை வகுத்தது. வாசகன் தன் ஊர் நூலகத்தில் விண்ணப்பிப்பான். அந்நூலகம் தன் நாட்டில் தேடும். கிடைக்காவிடின் அயல்நாட்டு நூலகத்தை நாடும். வந்த நூல் வாசகனின் நூலாகாது. பெற்ற நூலகமே அதன் காப்புக்கும் திருப்பத்துக்கும் பொறுப்பு. இரவல் போன நூல் திரும்பாது என்ற பழைய அச்சத்துக்கு இதுவே மறுமொழி. அனுப்ப இயலாத அரிய நூலாயின் ஒளிநகலோ நுண்படமோ செல்லும்.

ஒவ்வொரு நாடும் தன் மண்ணில் வெளியாகும் நூல்களைப் பிறநாட்டார்க்குக் கடனாகவோ நகலாகவோ வழங்கும் பொறுப்பை ஏற்க வேண்டும் என்பது 1978இல் திருத்தப்பட்ட நெறிமுறையின் உயிர்நாடி. நாணயமாற்றுத் தொல்லையைக் குறைக்க, 1995இல் நெகிழி அட்டை வடிவிலான பற்றுச்சீட்டு முறையும் வந்தது. நூல் அனுப்பிய நூலகம் தான் பெற்ற சீட்டைக் கொண்டே வேறொரு நாட்டிலிருந்து நூல் பெறலாம்.

இந்தியாவில் 1952இல், யுனெசுகோவின் துணையோடு தில்லியில் தொடங்கப்பெற்ற தேசிய அறிவியல் ஆவண மையம், ஆய்வாளர் வேண்டிய கட்டுரைகளை எங்கிருந்தாயினும் நகலாகப் பெற்றுத் தந்தது. சீர்காழியில் பிறந்த எஸ்.ஆர். அரங்கநாதன் 1931இல் வகுத்தளித்த நூலக விதிகளும், அவர் முயற்சியின் பயனாக 1948இல் இயற்றப்பெற்ற சென்னைப் பொது நூலகச் சட்டமும், நூல் அடைத்து வைப்பதற்கன்று, உரிய வாசகனைச் சென்றடைவதற்கே என்னும் கருத்தை இம்மண்ணில் ஊன்றின. ஆயினும் இந்நெறியின் பயன் பெரும்பாலும் அறிவியல் துறைக்கே வாய்த்தது. பழந்தமிழ் இதழொன்றின் பக்கத்தைத் தேடிய சிற்றூர்த் தமிழாசிரியர்க்கு அது எட்டாக்கனியாகவே இருந்தது.

கோட்டையூரும் சிகாகோவும்

1962 முதல், கோதுமை விற்பனையால் இந்தியாவில் சேர்ந்த அமெரிக்க அரசின் உரூபாயைக் கொண்டு இந்திய நூல்கள் வாங்கப்பெற்று அமெரிக்க நூலகங்களுக்குச் சென்றன. அவற்றுள் தமிழ் நூல்களும் அடங்கும். அக்காலத்துப் புதுக்கவிதைத் தொகுதியொன்று தருமபுரியில் கிடைக்காது, சிகாகோவில் கிடைக்கும் என்னும் விந்தை நிலை இவ்வாறே உருவாயிற்று.

இந்நிலையில் புதுவழி காட்டியது கோட்டையூர் ரோஜா முத்தையாவின் தொகுப்பு. விளம்பரப் பலகை எழுதும் ஓவியராகிய அவர், தம் வாழ்நாளைச் செலவிட்டுச் சேர்த்தவை நூல்கள், இதழ்கள், நாடக அறிவிப்புகள் முதலியனவாக ஏறத்தாழ 1,00,000. 1992இல் அவர் மறைந்தார். 1994இல் சிகாகோ பல்கலைக்கழகம் அத்தொகுப்பை விலைக்கு வாங்கியது. வாங்கியவர் எடுத்துச் செல்வதே அதுவரை உலக வழக்கம். இங்கோ மூலம் சென்னையிலேயே வைக்கப்பட்டது; நுண்படம் மட்டுமே கடல் கடந்தது. 1996 முதல் ஆய்வாளர்க்குத் திறந்துவிடப்பட்ட ரோஜா முத்தையா ஆராய்ச்சி நூலகம், தமிழ் நூலகமொன்று உலகுக்கு வழங்கும் இடத்தில் நிற்க முடியும் என்பதை நிறுவியது.

யாழ்ப்பாணம் கற்பித்த பாடம்

இம்முயற்சிகளின் இன்றியமையாமையை உணர்த்தும் துயரம் ஒன்று உண்டு. 1981 மே 31ஆம் நாள் இரவு தொடங்கிய வன்முறையில் யாழ்ப்பாணப் பொதுநூலகம் எரியூட்டப்பட்டது. ஏறத்தாழ 97,000 நூல்கள் சாம்பலாயின. ஏட்டுச்சுவடிகளும் அவற்றோடு அழிந்தன. வேறிடத்தில் படியிருந்த நூல்களை மீண்டும் தேடிப் பெறலாம். அங்கு மட்டுமே இருந்தவற்றை எந்நாட்டு நூலகமும் கடனாகத் தர இயலாது. நூலைப் பகிர்தல் வாசகனுக்குச் செய்யும் உதவி மட்டுமன்று. நூலுக்கே செய்யும் காவல் என்பதை அந்நெருப்பு உணர்த்திற்று.

இலக்கிய அமைப்புகளின் கடமை

2017இல் தொடங்கப்பெற்ற தமிழ் மின்னூலகம் போன்றவை இன்று நகலின் பயணத்தை நொடிப்பொழுதாக்கிவிட்டன. ஆனால் ஓரிடத்திலேனும் சேர்க்கப்படாத நூலை எக்கருவியும் நகலெடுக்காது. சிற்றூர் இலக்கிய அமைப்புகள் வெளியிடும் கவிதைத் தொகுதிகளும் ஆண்டு மலர்களும் சில நூறு படிகளே அச்சாகின்றன. விழா முடிந்ததும் அவை வீட்டுப் பரண்களில் உறங்கிவிடுகின்றன. ஐம்பது ஆண்டுகள் கழித்துத் தகடூர்ப் பகுதிக் கவிதையை ஆராய விழைவோர் எங்கே செல்வர்?

1954ஆம் ஆண்டின் நூல் வழங்கல் சட்டப்படி, வெளியான 30 நாள்களுக்குள் நூற்படிகள் சென்னைக் கன்னிமாரா நூலகம், கொல்கத்தாத் தேசிய நூலகம் உள்ளிட்ட நூலகங்களுக்கு அனுப்பப்பட வேண்டும். இதனைப் பெரும்பதிப்பகங்களுக்கு உரிய கடமையென்று எண்ணி ஒதுங்குதல் தகாது. மேலும் ஒரு படி மாவட்ட மைய நூலகத்துக்கும், ஒரு படி ரோஜா முத்தையா ஆராய்ச்சி நூலகத்துக்கும் செல்லுமாயின், அந்நூல் உலகின் எம்மூலையிலிருந்து கேட்பவர்க்கும் கிடைக்கும். அஞ்சல் செலவே இதற்கான விலை. ஔவைக்கு ஈந்த கனியைத் தானே உண்டிருந்தால் அஞ்சி சில காலம் கூடுதலாக வாழ்ந்திருக்கலாம்; ஈந்தமையால் அவன் புகழ் இரண்டாயிரம் ஆண்டு வாழ்கிறது. அவன் மண்ணில் கவிதை எழுதுவோர் தம் நூல்களுக்குச் செய்யவேண்டிய ஏற்பாடும் அவ்வீகையே.