எரிமலை: ஒன்று ஆறாக ஓடுகிறது, இன்னொன்று குண்டாக வெடிக்கிறது... ஏன் இந்த வித்தியாசம்?

ஹவாய் தீவில் உள்ள கிலாவேயா எரிமலை, 2018 மே மாதம் குடியிருப்புப் பகுதிக்குள்ளேயே தரையைப் பிளந்துகொண்டு வெளியே வந்தது. 700க்கும் அதிகமான வீடுகள் நெருப்புக் குழம்பில் அழிந்தன. ஆனால், அந்தக் குழம்பில் சிக்கி ஒருவர்கூட இறக்கவில்லை. பெரும்பாலான இடங்களில், நடந்தே தப்பிக்கிற வேகத்தில்தான் அது நகர்ந்து வந்தது.

பிலிப்பைன்ஸில் உள்ள பினடுபோ கதையே வேற. சுமார் 500 ஆண்டுகள் வெறும் காட்டு மலையாக நின்றது. 1991 ஜூன் 15ஆம் தேதி வெடித்தபோது, சாம்பல் சுமார் 35 கிலோமீட்டர் உயரத்துக்குக் கிளம்பியது. பயணிகள் விமானம் பறக்கிற உயரத்தைப் போல மூன்று மடங்கு!

இரண்டுமே எரிமலைதான். அப்புறம் ஏன் ஒன்று ஓடுகிறது, இன்னொன்று வெடிக்கிறது?

பூமிக்கு அடியில் நெருப்புக் கடல் இருக்கிறதா?

இல்லை. பள்ளிப் புத்தகப் படத்தைப் பார்த்து நம்மில் பலர் அப்படித்தான் நினைத்துக்கொண்டிருக்கிறோம். நாம் நிற்கும் மேலோட்டுக்குக் கீழே, சுமார் 2,900 கிலோமீட்டர் ஆழம் வரை இருப்பது கிட்டத்தட்ட முழுக்கத் திடமான பாறை. எப்படித் தெரியும்? நிலநடுக்க அலைகளில் ஒரு வகை, திரவத்துக்குள் போகவே போகாது. அந்த அலை இந்தப் பகுதியைத் தாராளமாகக் கடந்து வருகிறது.

அங்கே வெப்பம் இல்லாமல் இல்லை, பயங்கர வெப்பம்தான். ஆனால் மேலே இருக்கும் எடையின் அழுத்தம் பாறையை உருகவிடாமல் பிடித்துவைத்திருக்கிறது. ஹவாய்க்கு அடியில், ஆழத்திலிருந்து சூடான பாறை மெல்ல மேலே ஏறுகிறது. ஏற ஏற அழுத்தம் குறைகிறது. பிடி தளர்ந்ததும் பாறையில் ஒரு பகுதி உருகிவிடுகிறது.

பினடுபோவில் நடப்பது வேறு. அங்கே கடலடித் தட்டு ஒன்று இன்னொரு தட்டுக்குக் கீழே செருகிப் போகிறது. போகும்போது தண்ணீரையும் சேர்த்து உள்ளே கொண்டுபோகிறது. பனிக்கட்டியில் உப்பைப் போட்டால் சீக்கிரம் உருகும் இல்லையா? அதுபோல, தண்ணீர் சேர்ந்தால் பாறையும் குறைந்த வெப்பத்திலேயே உருகும்.

இப்படி உருகியது பூமிக்குள் இருக்கும்வரை மாக்மா. வெளியே வந்துவிட்டால் லாவா. பொருள் ஒன்றுதான், இடம்தான் வேறு.

கூழா, ரசமா?

விஷயமே இங்கேதான் இருக்கிறது. மணலில் இருக்கும் சிலிக்கா மாக்மாவிலும் இருக்கிறது. அது கூடக்கூட மாக்மா கெட்டியாகும். கிலாவேயா மாக்மாவில் சிலிக்கா சுமார் 50 சதவீதம், வெப்பம் 1,100 டிகிரி செல்சியஸுக்கு மேல். அதனால் தண்ணியாக ஓடுகிறது. பினடுபோவில் சிலிக்கா 65 சதவீதத்தை ஒட்டி, வெப்பமோ 800 டிகிரி அளவுதான். அதனால் பிசுபிசுவென்று ஒட்டிக்கொண்டு நகர மறுக்கும்.

அடுத்தது வாயு. மாக்மாவில் நீராவி, கார்பன் டை ஆக்சைடு, சல்பர் டை ஆக்சைடு எல்லாம் கரைந்திருக்கும். கோலி சோடாவைத் திறக்காதவரை உள்ளே குமிழி தெரியாது. கோலியை அமுக்கினதும் பொங்கும். மாக்மா மேலே ஏறும்போது நடப்பதும் இதேதான்: அழுத்தம் குறைய, குமிழி கிளம்புகிறது.

ரசம் கொதித்தால் குமிழி மேலே வந்து சும்மா உடைந்து போகும். கேழ்வரகுக் கூழ் காய்ச்சியவர்களைக் கேளுங்கள். குமிழி வெளியேற வழியில்லாமல் உள்ளேயே திணறி, கடைசியில் ‘டொப்’பென்று வெடித்துக் கையைச் சுட்டுவிடும். கிலாவேயா ரசம், பினடுபோ கூழ்.

அப்படி வெடிக்கும்போது மாக்மாவே பொடிப்பொடியாகச் சிதறுகிறது. அதைத்தான் சாம்பல் என்கிறோம். உண்மையில் அது எதுவும் எரிந்து வந்த சாம்பல் இல்லை. கண்ணாடித் துகளும் பாறைத் துகளும்தான். நனைந்தால் கனம் ஏறிவிடும். பினடுபோ வெடித்த அதே நாளில் யுன்யா புயலும் வந்து சேர்ந்தது. மழையில் ஊறிய சாம்பலைத் தாங்க முடியாமல் கூரைகள் இடிந்துதான் பலர் இறந்தார்கள்.

வாயு குறைந்தால் நல்லதா?

வெடிப்புக்கு முன்பே பிலிப்பைன்ஸ், அமெரிக்க விஞ்ஞானிகள் பினடுபோவில் கருவிகளோடு முகாமிட்டிருந்தார்கள். மே 13 அன்று நாளொன்றுக்கு சுமார் 500 டன்னாக இருந்த சல்பர் டை ஆக்சைடு, மே 28இல் 5,000 டன்னைத் தாண்டியது. அப்புறம் ஜூன் தொடக்கத்தில் சட்டென்று குறைந்துவிட்டது.

நமக்கு நிம்மதியாகத் தோன்றும். அவர்களுக்குப் பயம் கூடியது. குக்கர் விசில் அடைத்துக்கொண்டால் ஆவி வெளியே வராது, ஆனால் உள்ளே அழுத்தம் ஏறிக்கொண்டே இருக்கும். வாயு வரும் பாதை அடைபட்டிருக்கலாம் என்று கணித்தார்கள். எச்சரிக்கை படிப்படியாக உயர்த்தப்பட்டு, பல்லாயிரக்கணக்கான மக்கள் வெளியேற்றப்பட்டார்கள். இதனால் குறைந்தது 5,000 உயிர்கள் தப்பின என்பது அமெரிக்கப் புவியியல் ஆய்வு மையத்தின் மதிப்பீடு.

கொலம்பியாவில் அப்படி நடக்கவில்லை. 1985 நவம்பர் 13 அன்று நெவாடோ டெல் ரூயிஸ் எரிமலையில் ஏற்பட்டது, பினடுபோவோடு ஒப்பிட்டால் சின்ன வெடிப்புதான். ஆனால் உச்சியில் இருந்த பனி உருகி, சேற்று வெள்ளமாக இறங்கியது. அர்மேரோ நகரத்தை எட்ட அதற்கு சுமார் இரண்டரை மணி நேரம் பிடித்தது. ஆபத்தான பகுதிகளைக் காட்டும் வரைபடமும் முந்தைய மாதமே தயாராக இருந்தது. ஆனாலும் மக்கள் வெளியேற்றப்படவில்லை. மொத்தம் சுமார் 23,000 பேர் இறந்தார்கள்.

இந்தியாவில் எரிமலை இருக்கிறதா?

இருக்கிறது. அந்தமானில், போர்ட் பிளேரிலிருந்து சுமார் 140 கிலோமீட்டர் தொலைவில் உள்ள பேரன் தீவுதான் இந்தியாவில் உயிர்ப்போடு இருக்கும் ஒரே எரிமலை. 1787இல் அதன் வெடிப்பு பதிவாகியிருக்கிறது. 19ஆம் நூற்றாண்டில் அடங்கிப்போனது, 1991இல் மறுபடி விழித்து, இப்போதும் அவ்வப்போது புகைகிறது. அங்கே மனிதர்கள் யாரும் வசிக்கவில்லை.

தமிழ்நாட்டில்? தட்டுகள் மோதும் எல்லையிலிருந்து நாம் வெகு தூரம் உள்ளே இருக்கிறோம். இங்கே உயிர்ப்புள்ள எரிமலை எதுவும் கிடையாது.