கர்த்தர் கொஞ்சம் காத்திருக்கட்டும்!

1968 செப்டம்பர். பிரிட்டன் பாதிரியார்கள் சிலருக்கு விசித்திரமான ஒரு தலைவலி ஆரம்பித்தது. ஞாயிற்றுக்கிழமை மாலை ஆராதனைக்குக் கூட்டம் குறைகிறது! பிரசங்கம் மாறவில்லை, பாட்டு மாறவில்லை. ஆனால், சர்ச் பெஞ்சுகள் காலி. கடைசியில் சில சர்ச்சுகள் இறங்கி வந்து, ஆராதனை நேரத்தையே மாற்றிவைத்தன. சில ‘பப்’கள்கூட அன்றைக்குச் சீக்கிரமே கதவைச் சாத்தினவாம். வெள்ளைக்காரன் பீரையே மறந்தான் என்றால் விஷயம் எவ்வளவு பெரிசு, பாருங்கள்!

எல்லாம் ஒரு டி.வி. தொடர் செய்த வேலை. பெயர், ‘தி ஃபோர்சைட் சாகா’. நோபல் பரிசு வாங்கிய ஜான் கால்ஸ்வொர்த்தியின் நாவல்களை வைத்து பி.பி.சி. எடுத்தது. விக்டோரியா மகாராணி காலத்தில் தொடங்கி 1920-கள் வரை நீளும் ஒரு பணக்காரக் குடும்பத்தின் கதை. மொத்தம் 26 வாரம்.

ஆனால், 1968-ல் ஓடியது மறுஒளிபரப்பு! முதல் ஒளிபரப்பு 1967 ஜனவரி 7 அன்றே ஆரம்பித்து, முடிந்தும்விட்டது. அப்போது ஏன் சர்ச்சுகள் காலியாகவில்லை? முதல் காரணம், அது சனிக்கிழமை வந்தது. இரண்டாவது காரணம்தான் முக்கியம். பாதி நாட்டுக்கு அதைப் பார்க்கவே வழியில்லை!

பி.பி.சி. 1964-ல் இரண்டாவது சேனலைத் தொடங்கியது. முதல் சேனலுக்குப் படம் 405 கோடுகளில் வரும். புதுசுக்கோ 625 கோடுகள், வேறு அலைவரிசை. பழைய பெட்டியில் அது வராது. புது டி.வி. வாங்கணும், கூரையில் புது ஆன்டெனா மாட்டணும், அதன் பிறகும் உங்கள் ஊருக்கு சிக்னல் வந்து சேரணும். ‘நல்ல சரக்கைப் புதுக்கடையில் வைத்தால் ஜனங்கள் தேடி வருவார்கள்’ என்று கணக்குப் போட்டு, ஃபோர்சைட் குடும்பத்தைக் கொண்டுபோய் அங்கே குடிவைத்தார்கள்.

கணக்கில் தப்பில்லை. சுமார் 60 லட்சம் பேர் பார்த்தார்கள். ஆனால், பி.பி.சி. நடப்பதே டி.வி. வைத்திருக்கும் ஒவ்வொரு குடும்பமும் கட்டுகிற லைசென்ஸ் கட்டணத்தில்தான். பழைய பெட்டிக்காரரும் கட்டியவர்தான். காசு கொடுத்தவரை வாசலில் நிறுத்திவிட்டு உள்ளே விருந்து நடத்தினால் எப்படி இருக்கும்?

இதில் ஒரு வேடிக்கையும் உண்டு. தொடரின் கடைசி எபிசோட் 1967 ஜூலை 1-ம் தேதி ஒளிபரப்பானது. அதே நாளில், அதே சேனலில், விம்பிள்டன் டென்னிஸோடு பிரிட்டனில் கலர் டி.வி. பிறந்தது! டென்னிஸ் மைதானப் புல் பச்சைப் பசேலென்று தெரிய, ஃபோர்சைட் சீமாட்டிகளின் பட்டு கவுன்கள் எல்லாம் கறுப்பு வெள்ளையிலேயே விடைபெற்றன.

அடுத்த வருஷம் முதல் சேனலில், ஞாயிறு மாலையில் அதே தொடர். காத்திருந்த கூட்டம் பாய்ந்தது. 1969-ல் கடைசி எபிசோடை 1.8 கோடி பேர் பார்த்தார்கள். வீடியோ டெக் எல்லாம் வீட்டுக்கு வராத காலம். விட்டால் போச்சு! பாதிரியார்கள் தோற்றதில் ஆச்சரியமில்லை.

அதே 1969-ல் தொடர் அமெரிக்காவுக்குப் போய், அங்கேயும் ஹிட். அந்தச் சூட்டில், 1971-ல் ‘மாஸ்டர்பீஸ் தியேட்டர்’ என்ற நிகழ்ச்சி பிறந்தது. பிரிட்டிஷ் சரித்திரத் தொடர்களுக்கு அது நிரந்தர வீடு ஆனது. கூடவே ஒரு புதுப் புகைச்சலும் பிறந்தது: ‘அவர்களுக்கு முதலில், நமக்குப் பிறகு!’

அந்தப் புகைச்சல் தீயாகப் பற்றியது ‘டவுன்டன் ஆபி’ தொடரில். 2010-ல் ஐ.டிவி. சேனலில் ஏழு எபிசோடாக வந்ததை, அமெரிக்காவின் பி.பி.எஸ். 2011 ஜனவரியில் நான்காகக் கட்டிக் காட்டியது. ‘எங்கே வெட்டினார்கள்?’ என்று சண்டை. உண்மையில் நீளம் குறைந்ததற்குப் பெரும் காரணம், பிரிட்டனில் நடுநடுவே வந்த விளம்பரங்கள் இங்கே இல்லை என்பதுதான். அந்த விளம்பரங்களைத் திட்டித் தீர்த்தார்கள் பிரிட்டிஷ் ரசிகர்கள்!

உச்சகட்டம் 2012 டிசம்பர் 25. கிறிஸ்துமஸ் ஸ்பெஷல். மகன் பிறந்ததைப் பார்த்த சந்தோஷத்தில் கார் ஓட்டி வருகிற கதாநாயகன் மேத்யூ, விபத்தில் செத்துப்போகிறான். வான்கோழி விருந்து செரிப்பதற்குள் இழவு! ‘பண்டிகை நாளில் இதையா காட்டுவது?’ என்று பிரிட்டனில் கொதித்தார்கள். அமெரிக்கர்களுக்கு வேறு வயிற்றெரிச்சல். அவர்களுக்கு அது வந்தது 2013 பிப்ரவரி 17-ல். 54 நாள், இன்டர்நெட் பக்கமே போகாமல் யாரால் இருக்க முடியும்?

பி.பி.எஸ். அசரவில்லை. செப்டம்பரில் பெரிய சேனல்கள் எல்லாம் புதுத் தொடர்களோடு களமிறங்கும். ஜனவரியில்தான் நமக்கு இடம் கிடைக்கும் என்பது அவர்கள் கட்சி. பார்வையாளர் கணக்கும் ஏறிக்கொண்டே போக, யார் சொல்லியும் மாற்றவில்லை. தொடரின் கடைசி எபிசோட் பிரிட்டனில் வந்தது 2015 கிறிஸ்துமஸ் அன்று. அமெரிக்காவில் 2016 மார்ச் 6. ஞாயிற்றுக்கிழமை!