மண்வெட்டி விழுவதற்கு முந்திய 15 ஆண்டுகள்: ரொறன்ரோ நகரமண்டபத்தின் கணக்கு

குயின் வீதியில் வளைந்த இரண்டு கோபுரங்களும் அவற்றின் நடுவே தட்டுப் போன்ற ஒரு மண்டபமும் நிற்கின்றன. ரொறன்ரோவுக்கு வந்த முதல் குளிர்காலத்தில் அதன் முன்னாலுள்ள பனிச்சறுக்குத் தளத்தருகே நின்று படம் எடுத்து ஊருக்கு அனுப்பியவர்கள் நம்மில் பலர். அந்த நகரமண்டபம் திறக்கப்பட்டது 1965 செப்டெம்பர் 13ஆம் திகதி. கட்டுமானம் தொடங்கியது 1961 நவம்பரில். கட்டி முடிக்க நான்கு ஆண்டுகள்கூட ஆகவில்லை. ஆனால் அதற்கான காணியை எடுக்க நகர மக்கள் வாக்களித்தது 1947ஆம் ஆண்டு புதுவருட தினத்தன்று. ஆக, கட்டுவதற்கு முந்திய வேலைகளுக்கு மட்டும் கிட்டத்தட்ட 15 ஆண்டுகள்.

நமது பகுதியில் ஒரு நூலகமோ சமூக நிலையமோ நகரசபைக் கட்டடமோ வரப்போகிறது என்றால் பொதுக்கூட்டத்துக்கு அழைத்து ஒரு அறிவித்தல் வரும். பெரும்பாலும் நாம் அதைப் பிரித்துப் பார்க்காமலே நீலத் தொட்டிக்குள் போட்டுவிடுகிறோம். பிறகு வீட்டுவரி கூடிவிட்டது என்று கலியாண வீடுகளில் பேசுகிறோம். வர்த்தகப் பட்டம் பெற்று, இரு நாடுகளில் கணக்கு எழுதியே ஐம்பது வயதைக் கடந்த நாமும் பல வருடம் அப்படித்தான் இருந்தோம். ஒரு பொதுக் கட்டடத்தில் உண்மையில் எது எப்போது தீர்மானிக்கப்படுகிறது என்று பார்க்க ரொறன்ரோவின் கதை நல்ல உதாரணம்.

முதலில் தொகை. புதிய மண்டபத்துக்குப் பக்கத்திலேயே மணிக்கூட்டுக் கோபுரத்துடன் நிற்கிறதே பழைய நகரமண்டபம், அதற்கு 1880களில் சொல்லப்பட்ட மதிப்பீடு 600,000 டொலர். 1899இல் திறந்தபோது செலவு 25 இலட்சம் டொலருக்கு மேல். கட்டடக் கலைஞர் ஈ. ஜே. லெனொக்ஸுக்கும் நகரசபைக்கும் பெரும் பிணக்கு ஏற்பட்டது. அவருடைய பெயரைப் பொறிக்கச் சபை மறுத்தது. அவர் மேல்மாடிக் கூரை விளிம்பின் கீழே, கட்டடத்தைச் சுற்றி எழுத்து எழுத்தாகத் தன் பெயரைச் செதுக்கிவிட்டார். இன்றும் அண்ணாந்து பார்த்தால் வாசிக்கலாம். கட்டணத்துக்காக வழக்கும் போட்டார்.

புதிய மண்டபத்துக்கு மக்கள் 1956 டிசெம்பரில் அங்கீகரித்த தொகை 180 இலட்சம் டொலர். முடிவில் ஆனது சுமார் 310 இலட்சம். உடனே ‘ஊழல்’ என்று சொல்வது நமது வழக்கம். ஆனால் மக்கள் வாக்களித்த நாளில் அந்தக் கட்டடத்துக்கு வரைபடமே இருக்கவில்லை. வரைபடம் இல்லாத கட்டடத்துக்குச் சொல்லப்படும் விலை ஒரு விருப்பம் மட்டுமே.

இதில் நமக்குச் சொந்த அனுபவமும் உண்டு. ஊர்ச்சங்கம் ஒன்று பழைய களஞ்சியக் கட்டடத்தை வாங்கி மண்டபமாக்க முயன்றபோது, கணக்கைப் பார்க்கும்படி நம்மிடம் தந்தார்கள். கதிரை, மேசை, திரைச்சீலை வரை எழுதியிருந்தார்கள். தீயணைப்புக் குழாய்களுக்கும், வாகனத் தரிப்பிடத்துக்கும், பொறியியலாளரின் கட்டணத்துக்கும் ஒரு சதமும் இல்லை. நகரசபைகளும் இதே பிழையைப் பெரிய எழுத்தில் செய்வதுண்டு. ஆகவே கூட்டத்தில் ஒரு தொகை சொல்லப்பட்டால் கேட்க வேண்டியவை: இது எந்த ஆண்டின் விலை? காணி சேர்ந்ததா? தளபாடமும் தொழில்சார் கட்டணங்களும் உள்ளனவா? கடன் எடுத்தால் வட்டி எவ்வளவு? எதிர்பாராச் செலவுக்கு எத்தனை வீதம் ஒதுக்கியிருக்கிறீர்கள்? கட்டிய பின் வருடாந்தப் பராமரிப்பை யார் சுமப்பது? கடைசிக் கேள்விதான் பெரும்பாலும் பதில் இல்லாமல் போகும்.

அடுத்தது வடிவம். 1955இல் மூன்று உள்ளூர் நிறுவனங்கள் சேர்ந்து ஒரு திட்டத்தை முன்வைத்தன. சாதாரண அலுவலகக் கட்டடம் போன்ற ஒன்று. ரொறன்ரோ பல்கலைக்கழகக் கட்டடக்கலை மாணவர்கள் அதைப் பகிரங்கமாக எதிர்த்தார்கள். அந்த டிசெம்பரில் வாக்காளர்களும் நிராகரித்தார்கள். அதன் பிறகுதான் நகரபிதா நேதன் பிலிப்ஸின் காலத்தில் சர்வதேசப் போட்டி அறிவிக்கப்பட்டது. 42 நாடுகளிலிருந்து 500க்கு மேற்பட்ட வடிவங்கள் வந்தன. நடுவர்களில் ஒருவரான ஈரோ சாரினென் பிந்தித்தான் வந்து சேர்ந்தார். ஒதுக்கி வைத்தவற்றைத் திரும்பப் பார்க்கக் கேட்டு, அவற்றுக்குள்ளிருந்து பின்லாந்துக்காரர் வில்யோ ரெவெலின் வடிவத்தை எடுத்துக் கொடுத்தார். 1958 செப்டெம்பரில் அதுவே வென்றது. கோபுரங்களின் வெளிமுதுகில் ஜன்னலே இல்லை. அலுவலகத்துக்கு இது சிக்கனமான அமைப்பு அல்ல என்பது கணக்காளர் கண்ணுக்கு உடனே படும். ஆனாலும் மக்கள் ‘வேண்டாம்’ என்று சொன்னதால்தான் இந்த நகரத்துக்கு அதன் அடையாளம் கிடைத்தது என்பதை ஏற்றுக்கொள்கிறோம். ரெவெல் அதன் திறப்பைப் பார்க்கவில்லை. 1964 நவம்பரில், 54 வயதில் இறந்துவிட்டார்.

ஆனால் இந்தக் கணக்குகள் எதிலும் முழுதாக எழுதப்படாத ஒரு செலவு உண்டு. அந்தக் காணி வெறுங்காணி அல்ல. ‘வார்ட்’ என்று அழைக்கப்பட்ட அந்தப் பகுதி, யூதர், இத்தாலியர், சீனர் என்று ஒவ்வொரு கூட்டமும் வந்து முதலில் கால் வைத்த இடம். 1940களில் எலிசபெத் வீதியை ஒட்டி நகரின் முதலாவது சீனர் பகுதி இருந்தது. சீனர் குடிவரவைத் தடுத்த கனடியச் சட்டம் நீக்கப்பட்டது 1947இல். அவர்களுடைய கடைத்தெருவை எடுக்கும் வாக்கெடுப்பு நடந்ததும் அதே ஆண்டில்தான். அந்தப் பகுதியின் பெரும்பங்கு இடிக்கப்பட்டது. கடைக்காரர்கள் மேற்கே ஸ்படைனா வீதிப் பக்கம் நகர்ந்தார்கள். காணிக்கு விலை போடலாம். அடுத்த வீட்டுக்காரருக்கும், கடனுக்குச் சாமான் தரும் கடைக்கும், வேலை சொல்லிவிடும் ஆளுக்கும் எந்தப் பேரேட்டில் பதிவது? ஊரில் வீட்டை விட்டு வந்தவர்களுக்கு இதை விளக்கத் தேவையில்லை. உரிமையாளருக்கு என்ன கிடைக்கும் என்பதோடு, வாடகைக்கு இருப்பவர் எங்கே போவார் என்றும் இத்தகைய கூட்டங்களில் கேட்க வேண்டும்.

1960களின் பிற்பகுதியில் மிஞ்சியிருந்த சீனர் பகுதிக்கும் ஆபத்து வந்தது. இம்முறை அவர்கள் காத்திருக்கவில்லை. ஜீன் லம்ப் என்ற உணவக உரிமையாளர் உட்படப் பலர் ‘சீனர் பகுதியைக் காப்போம்’ என்று குழு அமைத்து, தங்கள் கடைகளை இடித்துக் கட்டிய அதே புதிய மண்டபத்தில் இருந்த நகரசபையிடம் போய் வாதாடினார்கள். மிஞ்சிய துண்டு தப்பியது.