மாயோ பிரபுவின் முதுகில் இரண்டு காயங்கள்

1872 பிப்ரவரி 8. அந்தமானின் ஹாரியட் மலையில் சூரிய அஸ்தமனம் பார்த்துவிட்டு வைஸ்ராய் மாயோ பிரபு ஹோப்டவுன் படகுத்துறைக்கு இறங்கி வந்தபோது நன்றாக இருட்டிவிட்டது. படகில் ஏறப் போனவரின் முதுகில் கத்தியோடு பாய்ந்தான் ஷேர் அலி. பெஷாவர் கொலை வழக்கில் தூக்கிலிருந்து தப்பி, ஆயுள் கைதியாக அந்தமானுக்கு வந்தவன்; அங்கே சவரத் தொழில் பார்த்தவன்.

தண்ணீரில் விழுந்த மாயோ தானே எழுந்து நின்றார். பெரிய அடி இல்லை என்றுகூடச் சொன்னார். துறையில் கிடந்த வண்டியில் உட்கார வைத்துத் தீப்பந்தத்தைக் கிட்டே பிடித்தபோதுதான் கோட்டின் முதுகுப்பக்கம் கறுப்பாக நனைந்திருப்பது தெரிந்தது. கைக்குட்டைகளால் அழுத்தினார்கள், ரத்தம் நிற்கவில்லை. மனைவி காத்திருந்த 'கிளாஸ்கோ' கப்பலுக்கு உயிரற்ற உடல்தான் போய்ச் சேர்ந்தது.

உடலைப் பரிசோதித்த மருத்துவர்கள் சொன்னது சுருக்கமானது: காயங்கள் இரண்டு, இரண்டுமே மார்புக்குள் இறங்கியவை, உயிர் போக அவற்றில் ஒன்றே போதும். 'போதும்' என்ற அந்தச் சொல்லில்தான் சட்டம் நிற்கிறது. 1862-இல் அமலுக்கு வந்த இந்திய தண்டனைச் சட்டத்தின் 300-ஆவது பிரிவு, காயம் இயற்கையான போக்கில் மரணம் விளைவிக்கப் போதுமானதா என்று 2024 வரை பார்க்கச் சொன்னது. அதற்குப் பதில் சொல்ல மருத்துவரால்தான் முடியும். இன்றும் நம் செஷன்ஸ் கோர்ட்டுகளில் பிரேதப் பரிசோதனை செய்த டாக்டரிடம் கேட்கப்படும் முக்கியமான கேள்வி இதுதான்.

கொலையாளி கையும் களவுமாகப் பிடிபட்டுவிட்டான். அதனால் ஏவியது யார் என்பதே விசாரணையின் கவலையாக இருந்தது. கல்கத்தாவின் பொறுப்புத் தலைமை நீதிபதி நார்மன் குத்திக் கொல்லப்பட்டு ஐந்து மாதம்கூட ஆகவில்லை; பிரிட்டிஷ் ஆட்சியை எதிர்த்த வஹாபி இயக்கத்தவரின் சதியோ என்று அரசு சந்தேகித்தது. காயம் அதற்குப் பதில் சொல்லாது. கடவுளைத் தவிர தனக்குக் கூட்டாளி இல்லை என்றான் ஷேர் அலி. சதிக்கு ஆதாரம் கிடைக்கவில்லை.

லண்டனில் 1888-இல் நடந்ததை இதோடு சேர்த்துப் பார்க்க வேண்டும். வொயிட்சேப்பல் பகுதியில் நடந்த தொடர் கொலைகளில் ஒன்றை ஆராய்ந்த டாக்டர் பிலிப்ஸ், கொலையாளிக்கு உடற்கூறு தெரிந்திருக்கிறது என்றார். போலீஸ் மருத்துவ மாணவர்களையும் கசாப்புக்காரர்களையும் துருவியது. நவம்பரில் டாக்டர் பாண்ட், கசாப்புக்காரனுக்கு உள்ள அறிவுகூட அவனுக்கு இல்லை என்றார். காயத்தைப் பற்றிப் பேசும்வரை மருத்துவரின் சொல் உறுதியானது. குத்தியவனின் தொழிலைக் கணிக்கப் போனால் அது வெறும் ஊகம். ஊகத்தின் பின்னால் போன போலீஸ் அந்தக் கொலையாளியைப் பிடிக்கவே இல்லை.

ஷேர் அலியின் விசாரணை மறுநாளே போர்ட் பிளேரில் நடந்தது. கல்கத்தா உயர் நீதிமன்றம் மரண தண்டனையை உறுதி செய்தது. 1872 மார்ச் 11 அன்று, கொலை நடந்து 32-ஆம் நாள், வைப்பர் தீவில் அவனைத் தூக்கிலிட்டார்கள்.

(தொடரும்)