வளைவுக்கு வளைந்த எஞ்சின்: ஜெர்மனியின் 01 வகை மாதிரிகளின் வரலாறு

ஜெர்மானிய விரைவு ரயில்களை இழுத்த 01 வகை நீராவி எஞ்சின், முன்முனை முதல், நிலக்கரியும் நீரும் சுமக்கும் டெண்டரின் பின்முனை வரை 23.94 மீட்டர் நீளம். இன்று பரவலாக உள்ள 1:87 அளவில் சுருக்கினால் 27.5 சென்டிமீட்டர். கணக்கு எளிது, ஆனால் அந்த 27.5 சென்டிமீட்டரை ஒரு வீட்டு அறைக்குள் ஓட வைப்பது எளிதாக இருக்கவில்லை. நுணுக்கம் படிப்படியாகக் கூடியதையே மாதிரி ரயில்களின் வரலாறாகப் பெரும்பாலும் சொல்கிறார்கள். தண்டவாள வளைவையும் மின்னோட்டத்தையும் முன்னிட்டு எவ்வெவற்றை விட்டுக்கொடுத்தார்கள் என்று பார்த்தால்தான் அந்த வரலாறு முழுமையாகத் துலங்கும் என்பது இக்கட்டுரையின் கருத்து.

முதலில் அசல் எஞ்சின். முதல் உலகப் போருக்குப் பின், பவேரியா, பிரஷியா போன்ற மாநிலங்கள் தனித்தனியே நடத்திவந்த இருப்புப்பாதைகள் 1920இல் ஒரே நிர்வாகத்தின் கீழ் வந்தன. எண்ணற்ற எஞ்சின் வகைகளுக்கு உதிரிபாகம் தேடும் சுமையும் அதோடு வந்து சேர்ந்தது. ரிச்சர்ட் பால் வாக்னர் வழிகாட்டுதலில், நாடு முழுதும் பொருந்தும் தரப்படுத்தப்பட்ட எஞ்சின்கள் வரையப்பட்டன. அவற்றில் முதலாவது 01. இரண்டு சிலிண்டர் கொண்ட 01, நான்கு சிலிண்டர் கூட்டுவிரிவு முறையிலான 02 என இரு வடிவங்களில் பத்துப் பத்து எஞ்சின்களைக் கட்டி ஒப்பிட்டார்கள். பராமரிப்பு எளிதான 01 வென்றது. 1938 வரை 231 புதிய எஞ்சின்கள் வந்தன. பத்து 02களும் 01ஆக மாற்றப்பட, மொத்தம் 241. முன்னே நான்கு சிறு சக்கரங்கள், நடுவே 2 மீட்டர் விட்டமுள்ள ஆறு ஓட்டுசக்கரங்கள், பின்னே இரண்டு. இந்த நெடிய வரிசைதான் மாதிரி செய்பவர்களுக்குப் பின்னாளில் தலைவலியானது.

அந்தத் தலைவலியின் வேர் 01 பிறப்பதற்கு முன்பே ஊன்றப்பட்டிருந்தது. 1891இல் கோப்பிங்கன் நகரின் மேர்க்லின் நிறுவனம், லைப்சிக் சந்தையில் எட்டு வடிவ ரயில் பாதையைக் காட்சிக்கு வைத்தது. தண்டவாளத் துண்டுகளை ஒன்றோடொன்று இணைத்து விரிவாக்கிக்கொண்டே போகலாம் என்பது அதன் புதுமை. தண்டவாள இடைவெளிகளுக்கு 1, 2, 3 என்று எண் கொடுத்தார்கள். தரம் நிர்ணயமானது பாதைக்கே. எஞ்சினின் அளவு விகிதத்துக்கு அல்ல. மேசையைச் சுற்றும் வளைவில் திரும்பினால் போதும் என்று எஞ்சின்கள் நீளம் குறைந்தும் உயரமாகவும் அமைந்தன.

நுரெம்பர்க் நகரின் பிங் நிறுவனம் 1922இல் மேசை ரயிலைக் கொண்டுவந்தது. 1935இல் ட்ரிக்ஸ், மேர்க்லின் நிறுவனங்கள் இரண்டும் 16.5 மில்லிமீட்டர் பாதையில் மின்சார ரயில்களை அறிமுகப்படுத்தின. 1435 மில்லிமீட்டர் அசல் பாதையை 87ஆல் வகுத்தால் இந்த அளவு அப்படியே வரும். இனி எஞ்சினையும் அதே விகிதத்தில் செய்ய முடியும் என்ற எண்ணம் இங்கேதான் வலுப்பெற்றது. ஆனால் மேர்க்லின் பாதையின் வழக்கமான வளைவு ஆரம் சுமார் 36 சென்டிமீட்டர். அசலில் அது 31 மீட்டருக்குச் சமம். எந்தப் பிரதான வழித்தடத்திலும் 01 அப்படி ஒரு வளைவைச் சந்தித்ததில்லை.

இந்த வளைவு எஞ்சினின் உடலையே மாற்றியது. முன் சிறு சக்கரங்களைத் தாங்கும் போகி பக்கவாட்டில் நகரும்போது சிலிண்டரில் இடிக்காதிருக்க, சிலிண்டரை வெளியே தள்ளினார்கள், அல்லது அதன் அடிப்பகுதியைச் செதுக்கினார்கள். எஞ்சினுக்கும் டெண்டருக்கும் நடுவே அசலில் இல்லாத இடைவெளி விழுந்தது. பின்னாளில் வந்த சில மாதிரிகளில் பின் சக்கரங்கள் விளிம்பே இல்லாமல் தண்டவாளத்தின் மேல் சும்மா நிற்கின்றன. மற்றச் சக்கரங்களின் விளிம்போ தடித்தது. அசலில் விளிம்பு ஏறக்குறைய 28 மில்லிமீட்டர் ஆழம். 87ஆல் வகுத்தால் 0.3 மில்லிமீட்டர்தான். அவ்வளவு மெல்லியதை வைத்து வீட்டுத் தண்டவாளத்தில் ஓட முடியாது என்பதால் ஒரு மில்லிமீட்டருக்கு மேல் வைக்கிறார்கள்.

எடை இன்னொரு சிக்கல். நீளம் 87இல் ஒரு பங்கானால் எடை 87இன் முப்படியில் ஒரு பங்காகும். டெண்டர் நீங்கலாக ஏறத்தாழ 109 டன் எடையுள்ள எஞ்சின், கணக்குப்படி 165 கிராம். அவ்வளவு இலேசான எஞ்சினால் பெட்டிகளை இழுக்கவே முடியாது. எனவே துத்தநாகக் கலவை வார்ப்பால் உடலைக் கனமாக்கினார்கள். மோட்டார் கொதிகலனின் பின்பகுதியை அடைத்துக்கொண்டது. ஓட்டுநர் அறைக்குள்ளும் நீண்டது. ஃப்ளைஷ்மன், ரோகோ நிறுவனங்கள் பல எஞ்சின்களில் மோட்டாரை டெண்டருக்கு நகர்த்தி, கொதிகலனை விடுவித்தன. வடிவத்துக்கு நல்லதுதான். ஆனால் அங்கே டெண்டர் தள்ள, 2 மீட்டர் ஓட்டுசக்கரங்களின் பிரதிகள் வெறுமனே உருள்கின்றன. நீராவி எஞ்சினின் உயிர் அந்தச் சக்கரங்களில் இருப்பதால், தோற்றத்துக்காகத் தந்த இந்த விலை மிக அதிகம் என்றே நான் கருதுகிறேன். சிறிய, வலுவான மோட்டார்கள் வந்தபின் இயக்கம் மீண்டும் எஞ்சினுக்குத் திரும்பியது நல்ல திருத்தம்.

மின்னோட்டத்திலும் இதே பேரம் நடந்தது. மேர்க்லின் பாதையில் நடுத் தண்டவாளம் மின்சாரம் தந்தது. அது கண்ணை உறுத்தியதால் 1953 முதல் தண்டவாளத்தைத் தாங்கும் கட்டைகளின் நடுவே சிறு உலோகப் புள்ளிகளாக மாறியது. எஞ்சினின் அடியில் நீண்ட தொடுபட்டை ஒன்று இன்றும் அப்புள்ளிகளை உரசிச் செல்கிறது. 1980களின் நடுவில் வந்த டிஜிட்டல் முறையால் ஒரே பாதையில் பல எஞ்சின்களைத் தனித்தனியே இயக்க முடிந்தது.

மேற்கு ஜெர்மனியில் ஹோஃப் பணிமனையைச் சேர்ந்த கடைசி 01கள் 1973இல் ஓய்வுபெற்றன. அவற்றைக் கண்ணால் கண்டு வளர்ந்தவர்கள் வாங்குபவர்களானபோது, பொதுவான '01' போதவில்லை. வாக்னர் காலத்துப் பெரிய புகைத் தடுப்புத் தகடா, பிற்காலத்துச் சிறிய விட்டே தகடா? எந்த எண், எந்தப் பணிமனை? இன்றைய மாதிரி, குறிப்பிட்ட ஆண்டில் குறிப்பிட்ட ஒரு எஞ்சின் இருந்த நிலையைக் காட்ட முயல்கிறது. மாதிரி வரும் பெட்டியிலேயே பிரேக் குழாய்களும் பிஸ்டன் தண்டின் உறைகளும் தனிப் பையில் வருகின்றன. அவற்றைப் பொருத்தினால் எஞ்சின் கண்ணாடிப் பேழைக்குரியது. சிறிய வளைவில் ஓட வேண்டுமானால் கழற்றிவிட வேண்டும்.