மூடிய உறையும் மருந்துக் கூட்டும்

 

போன வாரம் என்னிடம் அஞ்சாம் வகுப்புப் படித்த ஒரு பையன் போன் செய்தான். பையன் என்கிறேன், இப்போது அவனுக்கே கல்யாண வயதில் மகள் இருக்கிறாள். அவன் தம்பி பட்டாசு ஆலையில் மருந்து கலக்கும் அறையில் வேலை பார்த்து, தீக்காயம் பட்டவன். ஆஸ்பத்திரியில் டாக்டர், "என்ன மருந்துப்பா அது?" என்று கேட்டபோது இவர்களால் பதில் சொல்ல முடியவில்லை. இப்போது நஷ்டஈடு கேட்டு வழக்கு நடக்கிறது.

"டீச்சர், கலவை விவரம் தொழில் ரகசியமாம். சீல் வச்ச கவர்ல ஜட்ஜுக்கு மட்டும்தான் குடுப்பாங்களாம். நம்ம வக்கீலுக்குக் கூட காட்ட மாட்டாங்களாம். கோர்ட்டுன்னா எல்லாருக்கும் திறந்த கதவுன்னு நீங்கதானே சொல்லிக் குடுத்தீங்க?"

நான் வக்கீல் இல்லை, ஆசிரியப் பயிற்சி முடித்த சாதாரண வாத்தியாரம்மா. உடனே பதில் சொல்ல வரவில்லை. நாலு நாள் தேடிப் படித்தேன். படித்ததை உங்களுக்கும் சொல்கிறேன்.

முதலில் ஒன்று. தொழில் ரகசியம் கெட்ட வார்த்தை இல்லை. நம் ஊர் பிழைத்ததே தொழில் நுணுக்கத்தால்தான். 1920-களின் தொடக்கத்தில் அய்ய நாடாரும் சண்முக நாடாரும் கல்கத்தா போய்த் தீப்பெட்டித் தொழிலைக் கற்றுக்கொண்டு வந்திராவிட்டால், இந்த வானம் பார்த்த பூமியில் நமக்கு என்ன இருந்திருக்கும்? பாடுபட்டுக் கண்டுபிடித்த கூட்டைப் பக்கத்து ஆலைக்காரன் சும்மா எடுத்துக்கொண்டு போகக் கூடாதுதான். விருதுநகர் எண்ணெய் புரோட்டா கடையில் சால்னாவுக்கு எந்த மசாலா எவ்வளவு என்பது கடைக்காரரின் ரகசியம். அதை நாம் கேட்பதில்லை. ஆனால் கெட்டுப்போன எண்ணெயை ஊற்றினாரா என்று கேட்டால், அதையும் ரகசியம் என்று சொல்ல முடியுமா?

இந்தக் கேள்வி நீதிமன்றத்துக்குப் புதிதல்ல. பம்பாய் உயர் நீதிமன்றத்தில் பிளிட்ஸ் பத்திரிகை ஆசிரியர் மீது ஒரு மானநஷ்ட வழக்கு நடந்தது. சாட்சி சொல்ல வந்த ஒரு வியாபாரி, "நான் முன்பு சொன்னது பத்திரிகையில் வந்ததால் என் வியாபாரம் கெட்டது, இனி வெளியிடக் கூடாது" என்று முறையிட்டார். நீதிபதியும் அப்படியே வாய்மொழியாக உத்தரவிட்டார். பத்திரிகையாளர் மிராஜ்கர் உச்ச நீதிமன்றம் போனார். 1966-ல் 9 நீதிபதிகள் தீர்ப்புச் சொன்னார்கள். நீதிமன்றம் பொதுவாகத் திறந்திருக்க வேண்டும், நியாயம் கிடைக்க அவசியமானால் மட்டும் ஒரு பகுதியை மூடலாம் என்றது பெரும்பான்மை. வியாபாரியின் சாட்சியத்தை மூடியது சரியே என்றும் முடிவானது. நீதிபதி ஹிதயதுல்லா மட்டும் மாறுபட்டார்.

கவனியுங்கள், அங்கே மூடியது ஊருக்குத்தான். எதிர்த்தரப்பு வக்கீல் அந்தச் சாட்சியத்தைக் கேட்டுக்கொண்டுதான் இருந்தார். உறையை நீதிபதி மட்டும் பிரித்துப் பார்ப்பது வேறு விஷயம். ஒருவன் எதை எதிர்த்து வாதாடுவது என்றே தெரியாமல் நிற்க வேண்டியிருக்கும். மீடியாஒன் என்ற மலையாளத் தொலைக்காட்சியின் வழக்கில் 2023 ஏப்ரல் 5-ல் உச்ச நீதிமன்றம் இதைக் கண்டித்தது. மூடிய உறை முறை இயற்கை நீதிக்கு மாறானது, ரகசியமான வரிகளை மட்டும் மறைத்து மற்றதைக் கொடுக்க வழி இருக்கிறதா என்று பார்க்க வேண்டும் என்றது. அது தேசப் பாதுகாப்பைக் காரணம் காட்டிய வழக்கு. தேசப் பாதுகாப்புக்கே அப்படியென்றால், பட்டாசுக் கூட்டுக்கு எப்படி?

நம் பட்டாசு வழக்கையே பாருங்கள். 2015-ல் டெல்லியில் மூன்று பச்சிளம் குழந்தைகளின் பெயரில் தொடர்ந்த வழக்கு அது. 2017 ஜூலையில் ஈயம், பாதரசம், ஆர்சனிக், ஆன்டிமனி, லித்தியம் ஆகியவற்றைப் பட்டாசில் சேர்க்கக் கூடாது என்றார்கள். 2018 அக்டோபர் 23 தீர்ப்பில் சரவெடியும், நாம் பச்சை உப்பு என்கிற பேரியம் உப்பும் போயின. எத்தனை மாதம் ஆலைகள் பூட்டிக் கிடந்தன என்று உங்களுக்கே தெரியும். ஒவ்வொரு தடையும் கூட்டில் என்ன இருக்கிறது என்பதைப் பற்றியதுதான். அதை நீதிமன்றத்தில் பெயர் சொல்லித்தான் பேசினார்கள். 2021 செப்டம்பரில் சி.பி.ஐ. தன் அறிக்கையில் பேரியம் இருந்ததாகச் சொன்னபோதும், அதன் நகலை எல்லாத் தரப்பு வக்கீல்களுக்கும் கொடுக்கச் சொன்னது நீதிமன்றம். ஆலை அதிபர்கள் பதில் சொல்ல வேண்டும் அல்லவா? அவர்களுக்குக் கிடைத்த அந்த நியாயம் ஒரு தொழிலாளிக்கும் வேண்டும்.

பசுமைப் பட்டாசுக்கு நீரி நிறுவனம் ஸ்வாஸ், ஸ்டார், சஃபல் என்று புதுக் கூட்டுகள் தந்தது. ரகசியம் காப்போம் என்று ஆலைகளிடம் ஒப்பந்தம் எழுதி வாங்கிக்கொண்டுதான் தந்தது. அதில் தப்பில்லை. ஆனால் அந்த ஒப்பந்தம் நாட்டின் சட்டத்துக்கு மேலே போய்விடாது.

நான் தேடியதில் என்னை நிமிர்ந்து உட்கார வைத்தது 1948 தொழிற்சாலைச் சட்டம். அதன் 118-வது பிரிவு, ஆய்வுக்கு வரும் இன்ஸ்பெக்டர் ஆலையின் தொழில் ரகசியத்தை வெளியே சொல்லக் கூடாது என்றது. போபால் விபத்துக்குப் பிறகு, 1987-ல், அதே சட்டத்தில் 41பி என்று ஒரு பிரிவைச் சேர்த்தார்கள். அபாயகரமான வேலை நடக்கும் ஆலையில், உடம்புக்கு என்ன ஆபத்து, அதற்கு என்ன செய்ய வேண்டும் என்பதைத் தொழிலாளிக்கும் சுற்றி வசிப்பவர்களுக்கும் சொல்லியே ஆக வேண்டும் என்றது அந்தப் பிரிவு. 2020-ல் வந்த தொழில் பாதுகாப்புச் சட்டத் தொகுப்பிலும் இந்தக் கடமை இருக்கிறது. ரகசியத்தைக் காக்கச் சொன்ன சட்டமே ஆபத்தை மறைக்காதே என்றும் சொன்னது. தகவல் உரிமைச் சட்டமும் வணிக ரகசியத்துக்கு விலக்குக் கொடுத்துவிட்டு, பெரிய பொதுநலன் இருந்தால் வெளியிடலாம் என்கிறது.

நடுவழியும் இருக்கிறது. டெல்லி உயர் நீதிமன்றம் 2018 விதிகளில் ஒரு ஏற்பாட்டை எழுதி வைத்திருக்கிறது. இரு தரப்பிலும் குறிப்பிட்ட சில வக்கீல்களும் நிபுணர்களும் மட்டும் ஆவணத்தைப் பார்க்கலாம், வெளியே சொல்ல மாட்டோம் என்று உறுதி கொடுக்க வேண்டும். தொழில் ரகசியத்துக்கென்று நம் நாட்டில் தனிச் சட்டம் இல்லாததால், சட்ட ஆணையம் 2024 மார்ச்சில் 289-வது அறிக்கையாக ஒரு வரைவைத் தந்தது. அதிலும் பொதுநலனுக்கு விலக்கு உண்டு.

அதனால் என் மாணவனிடம் இப்படிச் சொன்னேன்: "எத்தனை கிராம், எந்த வரிசையில் கலக்கினாங்கன்னு ஊருக்குச் சொல்ல வேண்டாம்ப்பா. அதை மூடட்டும். ஆனா என்னென்ன சேர்ந்துச்சு, அதுல என்ன ஆபத்துன்னு உன் வக்கீலும் டாக்டரும் பார்த்தே ஆகணும். ரகசியம் காப்போம்னு எழுதிக் குடுத்துட்டு நகல் கேட்கச் சொல்லு."

"சரிங்க டீச்சர்" என்றான். பிறகு கொஞ்ச நேரம் பேசவில்லை. "தம்பி கையை இன்னும் மடக்க முடியலை டீச்சர்" என்றான்.

சின்ன வயதில் அழகாக எழுதும் கை அது.

என் மாணவர்களில் வக்கீல்கள் நாலைந்து பேர் இருக்கிறீர்கள். நான் தப்பாகச் சொல்லியிருந்தால் கீழே திருத்துங்கள், கோபித்துக்கொள்ள மாட்டேன். இந்த வழக்கில் உதவ முடிந்தவர்கள் எனக்குத் தனியாக போன் பண்ணுங்கள். ஆலை நடத்தும் மாணவர்களும் இருக்கிறீர்கள். உங்களிடம் ஒன்றே ஒன்று கேட்கிறேன். மருந்து அறைக்கு வெளியே, உள்ளே என்னென்ன இருக்கிறது, தீப்பட்டால் டாக்டரிடம் என்ன சொல்ல வேண்டும் என்று தமிழில் பெரிய எழுத்தில் ஒரு போர்டு வையுங்கள். அளவு எழுத வேண்டாம், பெயர் போதும்.

அன்புடன்,
உங்கள் டீச்சர்