டாங்க் என்னும் சொல்

"ஐயா, அம்பத்தூர் ஏரியும் டாங்க், ஆவடியில் செய்யும் போர் வண்டியும் டாங்க், இஃது எங்ஙனம்?" என்று என் மாணவன் ஒருவன் முன்பு வினவினான்.

மாணவர்களே, குஜராத்தி, மராத்தி மொழிகளில் நீர்த்தொட்டியைக் குறிக்கும் சொல்லோடு, குளத்தைக் குறிக்கும் போர்த்துக்கீசியச் சொல்லும் கலந்து ஆங்கில 'டாங்க்' பிறந்தது என்பர். நம் ஏரிகளை ஆங்கிலேயர் அப்பெயராலேயே அழைத்தனர். 1915-இல் பிரிட்டன் மறைவாகக் கவச வண்டி செய்தபோது, பகைவர் அறியாதிருக்க அதற்கு நீர்த்தொட்டியின் பெயரைச் சூட்டியது. 1916 செப்டம்பர் 15-இல் சோம் போர்க்களத்தில் மறைவு நீங்கிற்று, புனைபெயர் நிலைத்தது. 1961-இல் ஆவடியில் கனரக வாகனத் தொழிற்சாலை தோன்றியது. 1965-இல் விஜயந்தா டாங்க் வெளிவந்தது. நீரைக் குறித்த சொல் போர்க்கோலம் பூண்டு ஏரிகள் சூழ்ந்த நம் ஊருக்கே வந்தது.

நாட்டைக் காக்கும் டாங்கிற்குக் காவல் உண்டு. ஆக்கிரமிப்பால் சுருங்கிவரும் ஏரிக்கோ நாமே காவலர்.